கழிவும் கலையும்: தெருவிலிருந்து எழும் சிற்பங்கள்

(பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதி மாணவர்களுக்கும் அலுவலர்களுக்குமாக ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

ஒரு பொருள் எந்தக் கணத்தில் கழிவாகிறது? உடையும் வரையில் வளையல் ஓர் அணிகலன். உடைந்த மறுகணமே அது குப்பை. அந்தக் கண்ணாடியின் நிறம் மாறவில்லை, பளபளப்பும் குறையவில்லை. அதன் மீது மனிதர் வைத்திருந்த மதிப்பு ஒன்றுதான் மாறியிருக்கிறது. ஆகவே கழிவு என்பது பொருளைப் பற்றி மனிதர் எழுதும் ஒரு தீர்ப்பு எனலாம். தீர்ப்பு என்றால் அதற்கு மேல்முறையீடும் உண்டு. தெருவிலும் குப்பை மேட்டிலும் கிடப்பவற்றைக் கையில் எடுத்து மீண்டும் பார்க்கும் ஓவியரும் சிற்பியரும் அத்தகைய மேல்முறையீட்டைச் செய்பவர்களே. அந்த முறையீட்டைக் கேட்டு முடிவு சொல்லும் இடத்தில் பெரும்பாலும் அரசு அலுவலர்கள் இருக்கிறார்கள். கலை பற்றிய இப்பொருள் வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டோரின் கவனத்துக்கும் உரியதாவது இதனால்தான்.

பாலக்காட்டு எல்லையில் வாழ்வோருக்குக் கழிவு புதிய காட்சியன்று. காயலான் கடைகளில் எடைபோட்டு வாங்கப்படும் பழைய இரும்பு, கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையின் உருக்கு உலைகளுக்குச் சென்று, உருகி, கட்டடக் கம்பியாக மீண்டும் வெளிவருகிறது. இது பயனுள்ள வழி. நாட்டுக்குத் தேவையான வழியும் ஆகும். ஆனால் உலைக்குள் சென்ற பொருள் தன் வடிவத்தை இழக்கிறது. அது சைக்கிளாக இருந்ததா, குடமாக இருந்ததா என்பதற்கு அடையாளமே எஞ்சுவதில்லை. கலைஞன் காட்டும் வழி வேறு. அவன் பொருளின் வடிவத்தையும் அது பட்ட அடியையும் அழிக்காமல் காத்து, அவற்றைக் கொண்டே புதியதொன்றைச் செய்கிறான். இந்த இரண்டாம் வழிக்கு இந்தியாவிலேயே புகழ்பெற்ற சான்றாக விளங்கும் ஒருவரின் கைவண்ணம் பாலக்காட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது.

மலம்புழாவில் ஒரு பாறைத் தோட்டம்

பாலக்காட்டு நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மலம்புழா அணை. இப்பகுதி சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காலத்தில் கட்டப்பெற்ற இவ்வணையை, 1955-இல் அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் காமராசர் திறந்து வைத்தார். அடுத்த ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பாலக்காடு கேரளத்தின் பகுதியாயிற்று. பாசனத்துக்காக எழுந்த அணையின் அடிவாரத்தில் பூங்கா அமைந்தது. பூங்கா கலையையும் வரவேற்றது. 1969-இல் கானாயி குஞ்ஞிராமன் அங்கே ‘யட்சி’ என்னும் மாபெரும் சிற்பத்தை உருவாக்கினார். சென்னைக் கலைக் கல்லூரியில் பயின்று, பின்னர் இலண்டனிலும் கற்றுத் திரும்பியவர் அவர். ஆடையற்ற அவ்வுருவத்துக்கு அன்று எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. இன்று அதுவே மலம்புழாவின் அடையாளமாகி நிற்கிறது.

அதே மலம்புழாவில் அமைந்துள்ள மற்றொரு கலைப் படைப்பு பாறைத் தோட்டம். உடைந்த வளையல்கள், ஓட்டுத் துண்டுகள், பயன்படுத்தி எறிந்த பிளாஸ்டிக் கலங்கள், தகர டப்பாக்கள் போன்றவற்றால் ஆன உருவங்களும் சுவர்களும் அங்கு உள்ளன. அதனை உருவாக்கியவர் நேக் சந்த் சைனி. சண்டிகரில் அவர் அமைத்த பாறைத் தோட்டம் உலகப் புகழ் பெற்ற பின்னர், தென்னாட்டில் அவர் கைப்பட எழுந்த தோட்டம் இது. பள்ளிச் சுற்றுலாவில் இதனைக் கண்டு செல்லும் மாணவர் பலர். எனினும் அதன் பின்னுள்ள வரலாற்றை அறிந்து செல்வோர் சிலரே. அவ்வரலாறு மலம்புழாவிலிருந்து வெகு தொலைவில், வடக்கே ஒரு புதிய நகரத்தில் தொடங்குகிறது.

நகரம் பிறந்தது, சிற்றூர்கள் மறைந்தன

நேக் சந்த் 1924-இல், இன்று பாகிஸ்தானில் உள்ள சகர்கட் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் பிறந்த மண்ணை விட்டு இந்தியாவுக்கு வந்தவர்களுள் அவரும் ஒருவர். பிரிவினையால் இலாகூரை இழந்த கிழக்குப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகரம் ஒன்று தேவைப்பட்டது. அதற்காகவே சண்டிகர் திட்டமிடப்பட்டது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வரைந்த திட்டத்தின்படி நேர்கோட்டுச் சாலைகளும் சதுரப் பிரிவுகளும் கான்கிரீட் மாளிகைகளும் எழுந்தன. அந்நகரத்தின் பொதுப்பணித் துறையில் நேக் சந்த் 1951-இல் சாலை ஆய்வாளராகச் சேர்ந்தார்.

நகரம் எழுவதற்காக அவ்விடத்தில் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் இடிக்கப்பட்டன. வீடுகள் போயின. வீடுகளில் இருந்த பானை, ஓடு, அடுப்பங்கரைப் பீங்கான், குழந்தைகளின் உடைந்த வளையல் ஆகியன இடிபாடுகளோடு கிடந்தன. புதிய கட்டடங்களும் தம் பங்குக்குக் கழிவை ஈந்தன. உடைந்த கழிப்பறைப் பீங்கான், மின்சாரப் பொருத்திகள், தார்ப் பீப்பாய்கள், மிகையாக வெந்து உருகி உருமாறிய செங்கற்கள், ஈரம்பட்டு மூட்டையின் வடிவிலேயே இறுகிப்போன சிமெண்டு என அவை பலவகைப்பட்டன. பழைய ஊரின் கழிவும் புதிய நகரின் கழிவும் ஒரே இடத்தில் கலந்து கிடந்ததைப் பார்த்தவர் பலராக இருந்திருக்கலாம். பொறுக்கி எடுத்துச் சேர்த்தவர் நேக் சந்த்.

1957 முதல், பணி நேரம் முடிந்த பிறகு, தம் சைக்கிளில் அவற்றைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு சுக்னா ஏரிக்கு அருகிலிருந்த காட்டுப் பகுதிக்குக் கொண்டு சென்றார். அருகிலிருந்த ஆற்றுப் படுகைகளிலிருந்து விந்தையான வடிவங்கொண்ட கற்களையும் திரட்டினார். அக்காட்டில் எவரும் எதையும் கட்டக் கூடாது என்பது நகரத் திட்டத்தின் விதி. எனவே வேலை முழுவதும் மறைவாக நடந்தது. இரவில் பழைய டயர்களைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் உழைத்தார். ஏறத்தாழ 18 ஆண்டுகள் அந்தப் படைப்பு வெளியார் அறியாமல் வளர்ந்து வந்தது.

அவர் கையாண்ட முறை எளியது. ஆயினும் நுட்பம் வாய்ந்தது. சைக்கிளின் சட்டம் விலங்கின் உடலுக்கு எலும்புக்கூடாயிற்று. அதன் முன்கவை கால்களாயிற்று, இருக்கை தலையாயிற்று. அதன் மேல் சிமெண்டைப் பூசி, ஈரம் காயும் முன்னர் வளையல் துண்டுகளையும் பீங்கான் சில்லுகளையும் பதித்தார். ஒரே வகையான உருவத்தை ஒன்றன்று, பத்தன்று, நூற்றுக்கணக்கில் செய்து வரிசை வரிசையாக நிறுத்தினார். நீர்க்குடம் சுமக்கும் பெண்கள், ஆடுவோர், குரங்குகள், பறவைகள் என அவை ஒரு சிற்றூரின் மக்கள்போல் கூடி நிற்கின்றன. ஊரை இழந்த ஒருவர், ஊரை இழந்த மற்றவர்களின் வீட்டுப் பொருள்களைக் கொண்டு மீண்டும் ஓர் ஊரைக் கட்டினார். அப்படைப்பின் உயிர் அவ்வுணர்விலேயே இருக்கிறது.

அலுவலர் கையில் வந்த கேள்வி

1970-களின் முற்பகுதியில் இந்த மறைவான தோட்டம் அரசு அலுவலர்களின் கண்ணில் பட்டது. சட்டத்தின் நோக்கில் பார்த்தால் கேள்விக்கே இடமில்லை. அது காப்புக் காட்டில் அரசு ஊழியர் ஒருவர் அனுமதியின்றிச் செய்த ஆக்கிரமிப்பு. அதனை அகற்ற உத்தரவிடுவதே எளிய வழியாக இருந்தது. அவ்வாறு உத்தரவிட்டிருந்தால் எந்தத் தணிக்கையாளரும் குறை கூறியிருக்க மாட்டார்.

ஆனால் நடந்தது வேறு. நகரின் வளர்ச்சியில் பெரும்பங்கு கொண்டிருந்த எம். எஸ். ரந்தாவா போன்றோர் அதன் அருமையை உணர்ந்தனர். 1976-இல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டது. நேக் சந்துக்கு அத்தோட்டத்தின் பொறுப்பே பணியாக வழங்கப்பட்டது. ஊதியமும் 50 தொழிலாளரும் அளிக்கப்பட்டனர். நகரின் பல இடங்களில் கழிவுப் பொருள்களைத் திரட்டும் ஏற்பாடும் தொடர்ந்தது. ஒருவரின் சைக்கிளில் தொடங்கிய பணி, நகர நிர்வாகத்தின் பணிகளுள் ஒன்றாயிற்று. பின்னர் 40 ஏக்கர் அளவில் அது விரிந்தது. 1983-இல் அஞ்சல் தலையில் இடம் பெற்றது. 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அமெரிக்கத் தலைநகர் வாசிங்டனிலும் 1986-இல் அவரது தோட்டம் ஒன்று அமைந்தது.

இதோடு கதை முடிந்துவிட்டதாகக் கருதுவது தவறு. 1990-ஐ ஒட்டிய காலத்தில் தோட்டத்தின் ஒரு பகுதியை இடித்துச் சாலை அமைக்கும் முயற்சி எழுந்தபோது, நகர மக்கள் கைகோத்து நின்று அதனைக் காத்தனர். 1996-இல் நேக் சந்த் வெளிநாடு சென்றிருந்த வேளையில் நிதி நின்றது, சிற்பங்கள் சேதப்படுத்தப்பட்டன. 2015-இல் அவர் மறைந்தார். 2025-இல், உயர்நீதிமன்றப் பகுதியின் போக்குவரத்துத் தேவைக்காகத் தோட்டத்தின் சுவரில் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோது மீண்டும் எதிர்ப்பு எழுந்தது. கழிவிலிருந்து மீட்கப்பட்ட பொருள் மறுபடியும் கழிவென்று தீர்க்கப்படும் அபாயம் எப்போதும் உண்டு என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன. ஒரு முறை அளித்த அங்கீகாரம் போதாது. ஆண்டுதோறும் பராமரிப்பும், மாறும் திட்டங்களுக்கு நடுவே பாதுகாப்பும் தேவை.

கலைஞனின் கண் எதைக் காண்கிறது?

கழிவைக் கலையாக்குவோர் அனைவரும் ஒரே வழியில் செல்வதில்லை. அவர்கள் பார்வையை மூன்று வகையாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, வடிவத்தைக் காண்பது. 1942-இல் பாப்லோ பிக்காசோ ஒரு பழைய சைக்கிள் இருக்கையையும் கைப்பிடியையும் இணைத்தார். வேறெதையும் சேர்க்கவில்லை. அது காளையின் தலையாயிற்று. பார்ப்பவருக்கு ஒரே நேரத்தில் காளையும் தெரிகிறது, சைக்கிளும் தெரிகிறது. இரண்டில் எது மறைந்தாலும் கலை மறைந்துவிடும். நேக் சந்த் சைக்கிளில் விலங்கைக் கண்டதும் இத்தகைய பார்வையே.

இரண்டாவது, தெருவைக் காண்பது. முதல் உலகப் போருக்குப் பின் செர்மனியின் அனோவர் நகரில் கர்ட் சுவிட்டர்சு தெருவில் கிடந்த பயணச் சீட்டுகள், பொட்டலத் தாள்கள், கம்பித் துண்டுகள் ஆகியவற்றை ஒட்டிப் படங்கள் ஆக்கினார். உடைந்து கிடந்த ஒரு காலத்தை உடைந்த பொருள்களாலேயே சொல்ல முடியும் என்று அவர் கருதினார். பாரிசில் 1949 முதல் ரேமோன் ஏன்சும் சாக் வில்லெக்லேயும் சுவர்களில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டுக் கிழிந்த சுவரொட்டிகளை உரித்தெடுத்து, அவற்றையே ஓவியங்களாகக் காட்சிக்கு வைத்தனர். கிழித்தவர்கள் பெயர் தெரியாத வழிப்போக்கர்கள். தேர்ந்தெடுத்த கண்ணே கலைஞருடையது. எல்லைப்புற ஊர்களின் சுவர்களை நோக்குவோர்க்கு இது எளிதில் விளங்கும். தமிழ்த் திரைப்படச் சுவரொட்டியின் மேல் மலையாளச் சுவரொட்டி, அதன் மேல் தேர்தல் அறிவிப்பு, அதன் மேல் மழையின் கறை எனப் படிந்து கிடக்கும் சுவர், இருமொழி மக்கள் கலந்து வாழும் வாழ்வின் படமாகவே இருக்கிறது.

மூன்றாவது, பொருளின் பயணத்தைக் காண்பது. கானா நாட்டில் பிறந்து நைசீரியாவில் பணியாற்றிய எல் அனாட்சுயி, மதுப் புட்டிகளின் உலோக மூடிகளைத் தட்டையாக்கி, செப்புக் கம்பியால் கோத்து, சுவரளவு பரந்த ஆடைபோன்ற படைப்புகளை ஆக்கினார். அந்த மது ஐரோப்பிய வாணிகத்தோடு ஆப்பிரிக்காவுக்கு வந்தது; அந்த வாணிகத்தின் மறுபக்கம் அடிமை வியாபாரம். தூரத்திலிருந்து பொன்னாடையாகத் தெரிவது, அருகே வந்தால் அந்த வரலாற்றைச் சொல்லும் மூடிகளாகிறது. 2015-இல் வெனிசுக் கலை விழாவில் அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது அளிக்கப்பட்டது.

முசிறியின் ஓடுகள்

இந்த மூன்றாம் வகைக்கு மிக நெருக்கமான சான்று கேரளத்திலேயே உண்டு. தில்லியில் வாழ்ந்த ஓவியர் விவான் சுந்தரம் நகரக் கழிவைக் கொண்டு பல படைப்புகளை ஆக்கியவர். 2005-இல் அவர் படைத்த ‘பன்னிரு படுக்கை அறை’ மருத்துவமனைக் கூடம்போல் வரிசையாகக் கட்டில்களைக் கொண்டது. அக்கட்டில்களில் மெத்தை இல்லை. தேய்ந்த பழைய செருப்புகளின் அடிப்பகுதிகள் பின்னப்பட்டிருந்தன. ஒவ்வொரு அடியும் தில்லித் தெருவில் யாரோ நடந்து தேய்த்தது. தெருவில் குப்பை பொறுக்கும் தொழிலாளர்களோடும் அவர்களுக்காக உழைத்த ‘சிந்தன்’ அமைப்போடும் அவர் சேர்ந்து பணியாற்றினார். கழிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் திரட்டிய கைகளை மறந்துவிடாத கலைஞர் அவர்.

2012 டிசம்பரில் போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு ஆகிய ஓவியர்களின் முயற்சியால் கொச்சி – முசிறிக் கலை விழா முதன்முறையாக நடந்தது. அதன் முதன்மைக் கூடங்களே பயனற்று மூடிக் கிடந்த பழைய வணிகக் கிடங்குகள்தாம். அங்கே விவான் சுந்தரம் ‘கறுப்புத் தங்கம்’ என்ற படைப்பை வைத்தார். பெரியாற்றின் கழிமுகத்தை அடுத்த பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் குழு அகழாய்வு நடத்தியது. சங்க இலக்கியம் போற்றும் முசிறித் துறைமுகம் இருந்த இடமாக அறிஞர் பலர் கருதும் ஊர் அது. அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகள் எண்ணிலடங்கா. ஆராய்ச்சிக்குத் தேவையில்லை என ஒதுக்கப்பட்ட ஓடுகளைத் திரட்டி, அவற்றால் ஒரு பண்டைய துறைமுக நகரத்தைக் கலைஞர் தரையில் பரப்பினார். தலைப்பிலுள்ள கறுப்புத் தங்கம் மிளகைக் குறிக்கும்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அந்த ஓடுகள் இருமுறை எறியப்பட்டவை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் முசிறியில் வாழ்ந்தோர் உடைந்ததென்று எறிந்தனர். அறிவியல் அளந்து எழுதிக்கொண்டு மறுபடி ஒதுக்கியது. மூன்றாம் முறை கலைஞன் எடுத்தான். தமிழரும் மலையாளியரும் தமதென்று உரிமை பாராட்டும் ஒரு துறைமுகம், எவருக்கும் வேண்டாத ஓட்டுச் சில்லுகளால் மீண்டும் கண்முன் நின்றது. விவான் சுந்தரம் 2023-இல் மறைந்தார்.

மலைமேல் ஒரு பட்டறை

கழிவிலிருந்து கலை பிறக்கப் பெருநகரமே வேண்டும் என்பதில்லை. இடுக்கி மாவட்டத்தின் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் உழைப்போருள் பெரும்பாலோர் தமிழர். தலைமுறைகளுக்கு முன் மலையேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அத்தொழிலாளர் குடும்பங்களில் உடற்குறையும் மனவளர்ச்சிக் குறையும் உள்ள பிள்ளைகளுக்காக, தேயிலை நிறுவனத்தின் ஆதரவோடு ‘சிருஷ்டி’ என்னும் நல அமைப்பு 1990-களில் வேரூன்றியது. கொழுந்து பறிக்கவோ ஆலையில் நிற்கவோ இயலாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட இளைஞர்களுக்குப் பயிற்சியும் வேலையும் தருவது அதன் நோக்கம்.

அதன் ‘அதுல்யா’ பிரிவில், அலுவலகங்களில் எழுதி எறியப்பட்ட தாள் ஊறவைக்கப்பட்டு, கூழாக்கப்பட்டு, சல்லடைச் சட்டத்தில் வார்க்கப்பட்டு, கைத்தாளாகிறது. இலையும் பூவும் பதித்த அத்தாளிலிருந்து அட்டைகளும் உறைகளும் செய்யப்படுகின்றன. ‘ஆரண்யா’ பிரிவில் தேயிலைக் கழிவு, யூகலிப்டசு இலை, களையென்று வெட்டியெறியப்படும் செடிகளின் தழை முதலியவற்றிலிருந்து சாயம் இறக்கப்படுகிறது. துணியை மடித்தும் முடிந்தும் கட்டியும் அச்சாயத்தில் தோய்க்கிறார்கள். மதுரைச் சுங்குடியை அறிந்தோர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. இங்குச் சப்பானிய முறை கையாளப்படுகிறது. கட்டு அவிழ்க்கப்படும் வரையில் என்ன கோலம் விழுந்திருக்கிறது என்பது செய்தவர்க்கே தெரியாது. அதனால் ஒவ்வொரு துணியும் தனி ஓவியமாகிறது. எறியப்பட்ட தாளுக்கும் தழைக்கும் மதிப்புத் தேடும்போதே, ஒதுக்கப்பட்ட மனிதர்க்கும் ஊதியமும் மரியாதையும் கிடைப்பதே இம்முயற்சியின் சிறப்பு.

திரட்டும் கைகள்

கேரளத்தில் கழிவைத் திரட்டும் முறையில் இக்காலத்தில் பெருமாற்றம் நிகழ்ந்துள்ளது. 2016 டிசம்பரில் தொடங்கிய ஹரித கேரளத் திட்டத்தின் கீழ் ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் ‘ஹரித கர்ம சேனை’ அமைக்கப்பட்டது. குடும்பஸ்ரீயைச் சேர்ந்த பெண்கள் வீடுதோறும் சென்று, மக்காத கழிவுகளைப் பெற்று, வகை பிரிக்கின்றனர். 2023 மார்ச்சு மாதம் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பல நாள்கள் எரிந்து நகரைப் புகையால் மூடிய பிறகு, இப்பணியின் அவசரம் அனைவருக்கும் விளங்கிற்று.

எல்லைப் பகுதிக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஒரு மாநிலத்தின் கழிவு இரவோடிரவாக லாரியில் ஏறி மற்ற மாநிலத்தில் கொட்டப்படுவது நட்பைக் கெடுக்கும் செயல். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்ட கேரள மருத்துவக் கழிவை, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி கேரளமே திரும்ப எடுத்துச் செல்ல நேர்ந்தது.

இவற்றை இங்குக் குறிப்பிடக் காரணம் உண்டு. கலை, கழிவு மேலாண்மைக்கு மாற்று ஆகாது. ஒரு நகரம் ஒரே நாளில் எறிவதைக் கலைஞர் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் உழைத்தாலும் சிற்பமாக்க முடியாது. கலை செய்யக்கூடியது வேறு. எறிந்ததைத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை அது மக்களுக்குத் தருகிறது. குப்பை என்பது ‘அப்பால்’ போய்விடுவதில்லை. எங்கோ ஓரிடத்தில் யாரோ ஒருவரின் வாழ்வில் போய்ச் சேர்கிறது என்ற உண்மையைக் கண்முன் நிறுத்துகிறது. அப்படிப் பார்க்கப் பழகிய சமுதாயத்தில்தான் வகைபிரித்தலும் மறுபயன்பாடும் வேரூன்றும்.

செய்யத்தக்கன

இக்கருத்துகளை நடைமுறைக்குக் கொண்டுவர விரும்பும் அலுவலர்கள் சிலவற்றை மனத்திற்கொள்வது நலம்.

முதலாவதாக, அளவையும் கலையையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. 2019-இல் தில்லியில் திறக்கப்பட்ட பூங்கா ஒன்றில் ஏறத்தாழ 150 டன் பழைய இரும்பைக் கொண்டு உலக அதிசயங்கள் ஏழின் மாதிரிகள் அமைக்கப்பட்டன. மக்களை ஈர்ப்பதிலும் பழம்பொருளைப் பயன்படுத்துவதிலும் அது வெற்றி பெற்றதே. ஆயினும் அங்கே வடிவம் முன்னரே முடிவு செய்யப்பட்டது. இரும்பு அதற்கு அடங்கியது. நேக் சந்தின் தோட்டத்திலோ பொருளே வடிவத்தைச் சொல்லிற்று. இருவகைக்கும் இடமுண்டு. எனினும் உள்ளூர்ப் பொருளிலிருந்து உள்ளூர்க் கற்பனை பிறக்க வேண்டுமாயின், இரண்டாம் வழிக்கே ஊக்கம் மிகுதியாகத் தேவை.

இரண்டாவதாக, பாதுகாப்பு. மருத்துவக் கழிவு, மின்கலங்கள், பாதரசம் அடங்கிய குழல் விளக்குகள், கல்நார்த் தகடுகள் ஆகியவை மாணவர் கைக்கு வரக்கூடாதவை. ஓடு, பீங்கான், இரும்பு, மரம், துணி, தாள் ஆகியவையே போதும். கூரிய விளிம்புகளைக் கையாளக் கையுறையும் தக்க மேற்பார்வையும் வேண்டும்.

மூன்றாவதாக, பராமரிப்பு. சிமெண்டு உருவம் மழையில் வெடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும். திறப்பு விழாவுக்கு ஒதுக்கும் தொகையோடு பத்தாண்டுப் பராமரிப்புக்கான தொகையும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். பழுதுற்ற சிற்பம் மீண்டும் குப்பையாகக் கிடப்பதைவிட, சிற்பமே இல்லாதிருப்பது மேல்.

நான்காவதாக, இடமும் பங்கும். வகைபிரிக்கும் நிலையங்களில் ஒரு மூலையைக் கலைஞருக்கும் பள்ளிகளுக்கும் ஒதுக்கலாம். வடிவம் கெடாத பொருள்களை உலைக்கு அனுப்புமுன் அங்கே தனியே வைக்கலாம். அவற்றை அடையாளம் காண்பதில் நாள்தோறும் அவற்றைத் தொட்டுப் பழகிய பெண்களே தேர்ந்தவர்கள். படைப்பின் மீது கலைஞர் பெயர் பொறிக்கப்படும்போது, திரட்டியவர் பெயரும் பொறிக்கப்படுவது முறையாகும்.

மாணவர்களுக்கு வேண்டுவது பொருட்செலவு இல்லாத பயிற்சி. பள்ளிக்கு வரும் ஒரே தெருவை ஒரு வாரம் கூர்ந்து நோக்கலாம். எறியப்பட்டவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்து, அதனை வரைந்து, அது எங்கே செய்யப்பட்டது, யார் பயன்படுத்தினர், ஏன் எறியப்பட்டது என்று எழுதலாம். அதன் பிறகே அதனைக் கொண்டு எதையேனும் செய்ய முற்படலாம். உருவாக்கும் முன் உற்றுநோக்கல் என்னும் இந்த ஒழுங்கு இல்லாவிடில், புட்டியில் வண்ணம் பூசி அலமாரியில் வைக்கும் பொழுதுபோக்கோடு முயற்சி நின்றுவிடும்.

சண்டிகரின் சாலை ஆய்வாளரிடம் பணமோ பட்டமோ பயிற்சியோ இருந்ததில்லை. மறுபடியும் பார்க்கும் கண்ணும், 18 ஆண்டு தளராத கையும் இருந்தன. ஆயினும் 1976-இல் அவரது ‘ஆக்கிரமிப்பை’ மறுபடியும் பார்க்கத் துணிந்த அலுவலர் சிலர் இல்லாதிருந்தால், அந்தச் சிற்பங்கள் இடிபாடாகவே முடிந்திருக்கும். மலம்புழாவிலும் ஒரு தோட்டம் எழுந்திராது. கழிவில் கலையைக் காண்பது கலைஞனின் கடமை. விதிக்கு மாறாக வந்து நிற்கும் ஒன்றில் பொதுநலம் இருக்கிறதா என்று, அகற்றும் ஆணையில் கையெழுத்திடுமுன் ஒருமுறை நேரில் சென்று காண்பது அலுவலரின் கடமை.